ஆங்கிலம்: அவ்வளவு கஷ்டமான பாஷையா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, கவிதை எழுதலாமா, ஜோக்ஸ் தொகுக்கலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கவிதைக்கு நம்ம டிபார்ட்மெண்டிலேயே பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஜோக்ஸுக்கு அதைவிட நீளமான வரிசை. ஆகவே மூன்று வருடமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியையே கட்டுரையாக எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் உள்ள வில்பட்டி. மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பேரிக்காய், பிளம்ஸ் விளையும் ஊர். நானும் என் நண்பன் ஒருவனும் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒரே நாளில் கவுன்சிலிங் வந்து, ஒரே பிராஞ்சில் சேர்ந்து, ஒரே ரூமில் தங்கினோம். அவனுக்கு மருந்தடிக்கும் மிஷின் என்றால் உயிர். தோட்டத்தில் அது நின்றுபோனால் பிரித்து மாட்டி ஓட வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவான்.

முதல் செமஸ்டரில் ஒருநாள் வகுப்பில் அவனை எழுந்து பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். 'கேஜ்' என்ற வார்த்தை வந்தது. ஜி, ஏ, யு, ஜி, ஈ என்று எழுதியிருந்தது. அவன் எழுத்துக் கூட்டி 'காஜ்' என்று வாசித்தான். வகுப்பே சிரித்தது. மறைக்க விரும்பவில்லை, நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவன் எந்த வகுப்பிலும் வாய் திறக்கவில்லை. மூன்று பேப்பர் அரியர் விழுந்தது. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. "மாப்ள, இங்கிலீஷு நமக்கெல்லாம் வராதுடா. அது வேற ரகம்" என்று சொல்லிவிட்டான்.

அது நிஜந்தானா? உலகத்தில் இருக்கிற பாஷைகளிலேயே ஆங்கிலம்தான் தனியாகக் கஷ்டமான பாஷையா? இதுதான் என் கேள்வி.

யாருக்குக் கஷ்டம்?

கொஞ்சம் படித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. 'கஷ்டமான மொழி' என்று தனியாக ஒன்று கிடையாது. 'யாருக்கு' என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கே அர்த்தம் வரும்.

அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு வெளிநாட்டு மொழிகளைக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் எந்த மொழியைக் கற்க எத்தனை நாள் ஆகிறது என்று தங்கள் அனுபவத்தை வைத்து ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவற்றுக்குச் சுமார் 600 முதல் 750 மணி நேர வகுப்பு போதுமாம். சீனம், ஜப்பானியம், கொரியன், அரபி ஆகியவற்றுக்கு 2200 மணி நேரம். நம் தமிழ் எங்கே இருக்கிறது தெரியுமா? நடுவில், 1100 மணி நேரம் பிடிக்கும் மொழிகளின் வரிசையில், இந்திக்குப் பக்கத்தில்! அதாவது பிரெஞ்சைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை நேரம்.

நாம் மூன்று வயதில் அழாமல் கற்றுக்கொண்ட தமிழ் அவர்களுக்கு அவ்வளவு பாடு. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் உள்ள தூரம் ஒன்றுதான். நாம் இந்தப் பக்கமிருந்து நடக்கிறோம், அவர்கள் அந்தப் பக்கமிருந்து நடக்கிறார்கள். ஆங்கிலமும் டச்சும் ஜெர்மனும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்பது டச்சிலும் 'வாட்டர்', ஜெர்மனில் 'வாஸர்'. ஆகவே ஆலந்து நாட்டுக்காரன் ஆங்கிலம் கற்பது, நம்ம ஆள் கேரளாவுக்கு வேலைக்குப் போய் ஆறே மாதத்தில் மலையாளம் பேசுவது மாதிரி. அதைப் பார்த்து நாம் ஏங்கவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

எங்கள் கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து அங்கே வீடு கட்டி ஏறினார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வாயில் 'பழனி' நுழையவே இல்லை, 'புல்னி' என்று எழுதி வைத்தார்கள். திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பொலி' ஆனது, தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆனது. ழ, ள, ல மூன்றும் அவர்கள் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கும். ஆனால் அதே வெள்ளைக்காரர்களில்தான் 1839-ல் தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்து, 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப்பும் இருந்தார். அவருக்கு முன்பே இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், தமிழில் தேம்பாவணி என்ற காவியமே பாடினார். தூரம் இருந்தது, நடந்தார்கள், வந்து சேர்ந்தார்கள்.

எழுத்து ஒன்று, ஓசை ஒன்று

சரி, தூரம் மட்டும்தான் காரணமா? இல்லை. ஆங்கிலத்துக்கென்றே ஒரு கோளாறு உண்டு. அது ஸ்பெல்லிங். இதில் நம் மேல் தப்பே இல்லை.

நம்ம ஒர்க்ஷாப்பையே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். 'ரஃப் கட்' என்கிறோம், 'த்ரூ ஹோல்' என்கிறோம். 'ரஃப்', 'த்ரூ' இரண்டும் முடிவது ஒரே நான்கு எழுத்தில்: ஓ, யு, ஜி, ஹெச். டிராயிங்கில் வரும் 'ஹைட்', 'வெயிட்' இரண்டிலும் முதல் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்று. லேத்தில் இருப்பது 'லீட் ஸ்க்ரூ', பாட்டரியில் இருக்கும் ஈயம் 'லெட்'. இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங்! எலக்ட்ரிக்கல் நண்பர்களின் 'வவுண்ட் ரோட்டா'ரில் உள்ள வவுண்டும், கையில் பட்ட காயத்துக்குச் சொல்லும் 'ஊண்ட்' என்பதும் எழுத்தில் ஒன்றேதான். 'சக்', 'மெஷின்', 'மெக்கானிக்' மூன்றிலும் வருவது சி, ஹெச் என்ற ஒரே ஜோடி. ஓரிடத்தில் ச, ஓரிடத்தில் ஷ, ஓரிடத்தில் க.

ஏன் இந்தக் கூத்து? ஆங்கிலம் பல ஊர்ச் சரக்கை ஏற்றிய லாரி. 'மெஷின்' பிரெஞ்சு வழியாக வந்ததால் பிரெஞ்சு ஓசையோடு இருக்கிறது. 'மெக்கானிக்' கிரேக்க வேர் உள்ளது, அதனால் அங்கே க. 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் அவற்றின் எழுத்தோடு சேர்ந்தே உள்ளே வந்தன.

அடுத்த காரணம் இன்னும் சுவாரசியமானது. ஏறக்குறைய 1400 முதல் 1700 வரை ஆங்கிலேயர்கள் நெடில் உயிர்களை உச்சரிக்கும் விதமே மெல்ல மெல்ல மாறிப்போனது. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் உறைந்துகொண்டே வந்தது. வாய் மட்டும் மாறிக்கொண்டே போனது. 'நேம்' என்பதை எழுத்துக் கூட்டி 'நாமெ' என்று நம்ம பையன் வாசித்தால் சிரிக்கிறோம். 1400-க்கு முன்பு லண்டனிலேயே அதை ஏறக்குறைய 'நாமெ' என்றுதான் சொன்னார்கள்! 'நைஃப்' என்பதன் முன்னால் சும்மா நிற்கும் 'கே' அன்று சும்மா நிற்கவில்லை, 'க்னீஃப்' என்று வாய்விட்டுச் சொன்னார்கள். 'டெட்' என்றால் கடன். அதில் வாயில் வராத ஒரு 'பி' இருக்கிறதே, அது லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பண்டிதர்கள் பிறகு சொருகியது.

என் நண்பனின் 'கேஜ்' விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொழில்நுட்பப் புத்தகங்கள் சிலவற்றில் அந்த 'யு' எழுத்தையே தூக்கிவிட்டு எழுதுகிறார்கள். அதாவது அந்த ஸ்பெல்லிங் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே இடைஞ்சலாக இருந்திருக்கிறது. அதைத் தவறாக வாசித்ததற்காக ஒருவன் படிப்பையே விட்டுவிட்டான்.

நம்ம தமிழும் இதில் முழுக்கச் சுத்தம் என்று சொல்ல முடியாது. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே ககரம்தான், ஓசை மூன்று. ஆனால் சொல்லில் அது நிற்கும் இடத்தை வைத்து ஓசையைச் சொல்லிவிடலாம், அதற்கு ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒழுங்கு பாதி, பழக்கம் பாதி. ஆகவே ஆங்கில வார்த்தையைக் கண்ணால் மட்டும் படிக்கக் கூடாது. காதாலும் கேட்டுவிட வேண்டும்.

முதல் கோணம், மூன்றாம் கோணம்

அடுத்தது வாக்கிய அமைப்பு. 'நான் பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் போனேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ வென்ட் டு கொடைக்கானல் பை பஸ்'. நமக்கு வினை கடைசியில், அவர்களுக்கு நடுவில். நமக்கு 'இல்', 'கு' எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். அவர்களுக்கு 'பை', 'டு' எல்லாம் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். ஏறக்குறைய எல்லாமே தலைகீழ்.

இதை நாம் புரிந்துகொள்ள முடியாது என்று யார் சொன்னது? இன்ஜினியரிங் டிராயிங் படித்தவர்கள்தானே நாம்! ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்ஷனில் டாப் வியூ கீழே வரும், தேர்ட் ஆங்கிளில் அதே டாப் வியூ மேலே வரும். நம் நாட்டில் முதலாவது வழக்கம், அமெரிக்காவில் இரண்டாவது. பொருள் ஒன்றுதான், வியூக்களை வைக்கும் இடம்தான் மாறுகிறது. முதல் மாதம் எல்லோருக்கும் குழம்பியது. இப்போது ஷீட்டின் மூலையில் உள்ள அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் மனசு தானாகத் திரும்பிக்கொள்கிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வித்தியாசமும் இப்படித்தான். வார்த்தைக்கு வார்த்தை தமிழிலிருந்து பெயர்த்துக் கட்டினால், ஃபர்ஸ்ட் ஆங்கிள் ஷீட்டைத் தேர்ட் ஆங்கிள் என்று நினைத்து ஜாப் செய்தது போல ஆகிவிடும்.

ஓசையிலும் இந்தத் தூரம் உண்டு. 'டவல் பின்'னில் வரும் பின்னையும், குப்பை போடும் 'டஸ்ட் பின்'னில் வரும் பின்னையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுத முடியும். நமக்கு ஒரே 'ப'. அவர்களுக்கு அது இரண்டு தனி எழுத்து. சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வருவது தமிழுக்கு வழக்கமில்லை, அதனால்தான் எங்கள் பாட்டிக்கு ஸ்கூல் 'இஸ்கூல்' ஆனது. இதற்கு அறிவுக் குறைவு காரணம் இல்லை. நாக்குக்குப் பழகிய தடம் அப்படி.

சுலபமான பக்கமும் உண்டு

ஆங்கிலத்தில் நமக்குச் சாதகமானதை யாரும் சொல்வதே இல்லை. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள், வந்தன. தமிழ் கற்கிற வெள்ளைக்காரன் இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டும். நமக்கோ எல்லாவற்றுக்கும் 'கேம்' என்ற ஒரே வார்த்தை. ஜெர்மன் படித்தால் மேஜைக்கு ஒரு பால், ஜன்னலுக்கு ஒரு பால், வீட்டுக்கு ஒரு பால் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஆண், பெண், இரண்டும் இல்லாதது என்று நினைவு வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. சீன எழுத்துகளைப் போல ஆயிரக்கணக்கில் கற்க வேண்டியதும் இல்லை, 26 எழுத்தோடு சரி. 'கட்' என்பதற்கு நிகழ்காலம், இறந்தகாலம் எல்லாமே 'கட்'.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெள்ளைக்காரன் காதில் 'அவுங்க வந்துட்ருக்காங்க' என்று விழும். பாவம், அவன் ஒரே மொழியை இரண்டு தடவை படிக்க வேண்டும்!

அதோடு நாம் ஒன்றும் வெறுங்கையோடு ஆரம்பிக்கவில்லை. ஸ்பானர், வாஷர், கியர், பேரிங், ஷாஃப்ட், ஸ்விட்ச், ஃபியூஸ் என்று நாள் முழுக்க ஆங்கிலச் சொற்களைத்தான் மென்றுகொண்டிருக்கிறோம். அவர்களும் நம்மிடம் கடன் வாங்கியவர்கள்தான். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. கிரைண்டிங்குக்குப் பயன்படும் 'கொரண்டம்' என்ற கடினக் கல்லின் பெயர் நம்ம 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

1500 மணி நேரம் எங்கே போனது?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பள்ளியில் ஒரு நாளைக்கு 45 நிமிடம் ஒரு ஆங்கில பீரியட் என்று வையுங்கள். வருடத்துக்கு 200 நாள் என்றால் 150 மணி. பத்து வருடத்துக்கு 1500 மணி! அமெரிக்க அலுவலர் தமிழுக்குச் செலவிடும் 1100 மணியைவிட அதிகம். பிறகு ஏன் நமக்கு வரவில்லை?

அவர்கள் சிறு சிறு வகுப்புகளில், முழு நேர வேலையாக, தினமும் பேசிப் பேசிப் படிக்கிறார்கள். நம் 1500 மணியில் நாம் சொந்தமாக ஆங்கிலத்தில் வாய் திறந்தது எத்தனை நிமிடம்? கேள்வி பதிலை மனப்பாடம் செய்தோம், கட்டுரையை மனப்பாடம் செய்தோம், அர்த்தத்தைத் தமிழில் கேட்டோம். லேத்தைப் பற்றிப் பத்து வருடம் போர்டில் படம் போட்டுப் படித்துவிட்டு, ஒரு தடவைகூட ஜாப்பை சக்கில் மாட்டாதவனுக்கு டர்னிங் வருமா?

எங்கள் மாமா ஒருவர் கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரை ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு சரி. வெளிநாட்டுக்காரர் வந்தால் ஆங்கிலம், வடக்கத்தியார் வந்தால் இந்தி, கேரளாக்காரர் வந்தால் மலையாளம். "எப்படி மாமா?" என்று கேட்டேன். "மருமகனே, நான் தப்பாத்தான் பேசுறேன். ஆனா அவுங்களுக்குப் புரியுதுல்ல? வாயத் தொறக்காட்டி குதிரைக்குக் கொள்ளு யாரு வாங்கித் தருவா?" என்றார். அவரால் ஒரு மேனுவலைப் படிக்க முடியாது, உண்மை. என்னால் மேனுவலைப் படிக்க முடியும், அவரைப் போல நாலு வார்த்தை பேச முடியாது. இருவருக்கும் ஆளுக்குப் பாதி. அவருக்கு எழுத்து கிடைக்கவில்லை, எனக்குப் பயம் போகவில்லை.

என்ன செய்யலாம்?

நான் ஒன்றும் பண்டிதன் இல்லை. இரண்டு வருடமாக நானும் என் ரூம் நண்பர்களும் செய்து பார்த்து, பலன் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: புது வார்த்தை வந்தால் அர்த்தத்தோடு ஓசையையும் சேர்த்து நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அதில் அகராதியைத் திறந்தால் உச்சரித்தே காட்டும்.

இரண்டு: ஒர்க்ஷாப்பில் கை செய்வதை வாய் சொல்லட்டும். 'ஐ ஆம் டைட்டனிங் தி சக்', 'ஐ ஆம் மெஷரிங் தி டயாமீட்டர்' என்று முணுமுணுத்தாலே போதும். பொருள் கண் முன்னால் இருப்பதால் தமிழில் யோசித்து மாற்ற வேண்டிய வேலை இல்லை.

மூன்று: ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது. எங்கள் ரூமில் இதற்கு ஒரே ஒரு சட்டம்தான்: தப்பைத் திருத்தலாம், சிரிக்கக் கூடாது. சிரித்தவன் மறுநாள் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதல் மாதம் டீக்கடைக்காரருக்கு நல்ல வியாபாரம்!

நண்பர்களே, என் முடிவு இதுதான். ஆங்கிலம் உலகத்திலேயே கஷ்டமான மொழியும் இல்லை, சுலபமான மொழியும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகளான நமக்கு அது தூரத்து மொழி, ஸ்பெல்லிங் கோணலான மொழி. தூரத்தை நடந்து தீர்க்கலாம், கோணலைப் பழகித் தீர்க்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் நடக்கிறவன் நின்றுவிடுகிறான். அந்தக் கஷ்டம் ஆங்கிலத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

போன பூண்டு அறுப்பின்போது ஊருக்குப் போயிருந்தேன். என் நண்பன் வீட்டில் பூண்டுக் கட்டுகளைப் புகையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் யாரோ ரிப்பேருக்கு விட்டுப் போன பவர் டில்லர் பிரித்துக் கிடந்தது. இந்தக் கட்டுரையில் எழுதியதையெல்லாம் அவனிடம் சொன்னேன். அன்று சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அத 'கேஜ்'னு சொல்லணும்னு நீயாவது மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள?" என்றான். என்னிடம் பதில் இல்லை. விட்ட படிப்பைத் திரும்ப எழுதுவது எப்படி என்று விசாரித்துச் சொல்லச் சொன்னான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் முதலாண்டு வகுப்புக்குப் புதிதாகத் தம்பி தங்கைகள் வருவார்கள். மலையிலிருந்தும் கிராமத்திலிருந்தும் தமிழ் மீடியத்திலிருந்தும் வருவார்கள். அவர்களில் யாராவது எழுந்து நின்று 'காஜ்' என்று வாசித்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். "தம்பி, அது கேஜ்" என்று மெல்லச் சொல்லிக் கொடுங்கள்.

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)